நல்லி எலும்பும் அப்பாவின் மஜ்ஜையும்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஹீமோகுளோபின் 7தான். வெள்ளணு, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் குறைவு. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் பலனில்லை. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தினால் கால் விளங்காமல் போகும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுக்கிறோம். அதுவே போதாதா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: சூப்பிலிருந்தே தொடங்குகிறேன். நல்லி எலும்பைத் தட்டினால் வழுவழுவென்று தட்டில் விழுகிறதே, அதுவும் மஜ்ஜைதான். ஆனால் பெரும்பாலும் கொழுப்பு. சாயங்காலம் தெருமுனை வண்டியில் மிளகு தூக்கலாகக் கிடைக்கும் சூப்புக்கு நானும் எதிரியல்ல. அப்பாவுக்குப் பிடித்தால் குடிக்கட்டும். வயிற்றுக்குப் போன மஜ்ஜை செரித்துவிடும். அவருடைய எலும்புக்குள் போய்க் குடியேறாது.

ரத்தம் ஊறுவது சிவப்பு மஜ்ஜையில். பெரியவர்களுக்கு அது இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகளில்தான் அதிகம். நாளொன்றுக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்கள் அங்கே பிறக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், தட்டணுவுக்குப் பத்து நாள்கூட நிச்சயமில்லை. மூன்று வகை அணுக்களுக்கும் மூலம் மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல் என்னும் ஒரே தாய் அணு. சிவப்பணு மட்டும் குறைந்திருந்தால் முதலில் இரும்புச்சத்தைச் சந்தேகிப்போம். மூன்றும் சேர்ந்து குறைந்தால் மஜ்ஜை என்ற பட்டறையையே திறந்து பார்க்கவேண்டியிருக்கும்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வைட்டமின் பி12 அளவு பார்த்தாகிவிட்டதா? அதன் குறைபாடும் மூன்றையும் இறக்கிவிடும், ஊசியிலேயே சரியாகிவிடும். மூட்டுவலிக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறாரா என்பதையும் சொல்லுங்கள். இவை இல்லையென்றால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தப் புற்றுநோயாகவும் இருக்கலாம், மஜ்ஜை வறண்டுபோனதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பயப்படும்படி முதுகுத்தண்டில் யாரும் கைவைப்பதில்லை. முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடத்தையும் மஜ்ஜையையும் உறவினர்கள் ஒன்றாக்கிவிட்டார்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்பக்கம் இடுப்பெலும்பு மேடாகத் தட்டுப்படும் இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு ஊசியை இறக்குவோம். கால் நரம்புகள் அந்தப் பாதையில் இல்லை. மஜ்ஜையை உறிஞ்சும் சில நொடிகள் சுருக்கென்று இழுக்கும். வலியே இல்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். பிறகு ஒரு சிறு எலும்புத் துணுக்கும் எடுப்போம். அரை மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

முடிவு வரும்வரை, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, ஈறில் ரத்தம் கசிந்தாலோ, மலம் கறுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.