பாலைவனம் முழுக்க மணல் கிடக்க, துபாய்க்காரர் கடல் மணலை அள்ளி, பேரீச்சை மர வடிவில் பாம் ஜுமேரா தீவைக் கட்டியது ஏன்?

கேட்டவர் அங்கே வில்லா வாங்கும் யோசனையில் இருக்க மாட்டார். ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, மணல் மேட்டில் இருந்துகொண்டு மணலுக்குக் கடலுக்குப் போயிருக்கிறார்களே என்று சிரித்திருப்பார். 2006இல் நானும் அப்படித்தான் சிரித்தேன். மட்டக்களப்பு நாவலடியில் எங்கள் வீட்டைச் சுனாமி கொண்டுபோய் ஒன்றரை வருடம் கழித்து, அந்தத் தீவில் டைல்ஸ் பதிக்கிற வேலைக்குப் போயிருந்தேன்.

நான் எஞ்சினியர் இல்லை, ஓ.எல். (பதினோராம் ஆண்டு) வரை படித்த மேசன். படித்தவர்கள் கொமெண்டில் சண்டைக்கு வராமல் திருத்திவிட்டுப் போங்கள்.

பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு தேய்ந்து போனது. மாவு மாதிரிப் பொடி. ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு நிற்காது, தண்ணீருக்குள் கொட்டினால் கலைந்துவிடும். கடலடி மணல் கொஞ்சம் பருமன், இறுகும். மேசன் வேலை தெரிந்தவனுக்கு இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே விளங்கும்.

வேலை தொடங்கியது 2001இல். செய்வித்தது நகீல் என்ற அரச கம்பனி. அந்தப் பெயருக்கே அரபியில் பேரீச்சை மரங்கள் என்றுதான் அர்த்தம். நெதர்லாந்தின் வான் ஓர்ட் கம்பனிக் கப்பல்கள் கடலடி மணலை உறிஞ்சி வந்து, வானவில் மாதிரி வளைத்துப் பீய்ச்சின. எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதை ஜிபிஎஸ் பார்த்துச் சரிசெய்தார்கள். ஏறக்குறைய 9 கோடியே 40 இலட்சம் கன மீட்டர் மணல். பிறகு நீளமான அதிர்வுக் கருவிகளை உள்ளே இறக்கி, நெல் மூட்டையைக் குலுக்கி இறுக்குகிற மாதிரி இறுக்கினார்கள். சுற்றிவர 11 கிலோமீட்டருக்கு அலைதடுப்பு, அதற்கு 70 இலட்சம் தொன் கல்.

அந்த அலைதடுப்பைப் பற்றி எனக்குச் சொன்னது எங்கள் போர்மன். மலையாளி, வயதான மனிதர். ஒரு வில்லாவின் பாத்ரூமில் இரண்டு நாள் குந்தியிருந்து தளம் பதித்து முடித்தேன். அவர் வந்து ஒன்றும் பேசாமல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். எல்லாம் ஓடிப்போய் மூலையில் மட்டும் இரண்டு ரூபாய்க் குத்தி அளவுக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. "உடைடா" என்றார். பதினொரு டைல்ஸ். எனக்கு அழுகை வராத குறை. உடைத்துக்கொண்டிருக்கும்போதே பல்கனிக்குக் கூப்பிட்டு, தூரத்தில் தெரிந்த கல் வரிசையைக் காட்டினார். முதலில் அதை முழு வளையமாகத்தான் போட நினைத்தார்களாம். அப்படி அடைத்தால் உள்ளே தண்ணீர் மாறாமல் கெட்டுப்போகும் என்று தெரிந்து, இரண்டு இடத்தில் வாய் விட்டார்கள். "பெரிய பெரிய எஞ்சினியருக்கே தண்ணி போற வழி மறந்துபோச்சு, நீ எந்த மூலை" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்துவாரம் மண் மூடினால் வாவி என்ன ஆகும், மாரி வெள்ளத்தில் அதை எப்போது வெட்டிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கம் வலை வீசுகிற எந்தக் கிழவருக்கும் தெரியும். அவர்களில் ஒருவரைக் கேட்டிருக்கலாம்.

சரி, மீதிக் கதை. 2002இல் வெளிநாட்டவரும் சொந்தமாக வாங்கலாம் என்று துபாய் அறிவித்ததும் வீடுகள் கட்டுமுன்பே விற்றுப் போயின. மடலுக்கு மடல் எழுத்துப் பெயர், ஒவ்வொரு வில்லாவுக்கும் பின்னால் சொந்தக் கடற்கரை. ஆனால் பக்கத்து வீடு அவ்வளவு நெருக்கம். குசினி ஜன்னலால் கறி மணம் வரும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். 2008 செப்டெம்பரில் அட்லாண்டிஸ் ஹோட்டல் திறந்தது. அந்த வருடமே உலகம் முழுக்கப் பணம் முடங்கி, விலை சரிந்து, எங்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கு அனுப்பினார்கள். நானும் அதில் ஒருவன். கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. அடிமை வேலை பார்த்துவிட்டுப் பெருமை பேசுகிறான் என்று எழுத வருபவர்களுக்கு: கேம்பில் ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்தோம், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தளம் நான் பதித்தது. அதில் தண்ணீர் நிற்காது.

இப்போது ஊரில் என் சொந்த வீட்டுக்கு ஒரு பாத்ரூம் கட்டுகிறேன். மணல் இல்லை. பெர்மிட்டுக்கு நாலு தரம் அலைந்தேன். ஐயா கூட்டத்துக்குப் போய்விட்டார், ஐயா லீவு, போட்டோகொப்பி குறைகிறது. இரவில் பெர்மிட் இல்லாமல் டிராக்டர் டிராக்டராக மணல் போவது மட்டும் யார் கண்ணிலும் படாது. அந்தத் தீவுக்குப் போன மணலை எங்கள் கணக்கில் போட்டுப் பார்த்தேன், 3 கோடி கியூபுக்கு மேல் வருகிறது (ஒரு கியூப் என்றால் நூறு கன அடி). எனக்குத் தேவை இரண்டு கியூப்.

பாலைவன மணல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். பெர்மிட்டை எந்த நாள், எத்தனை மணிக்குப் போனால் எடுக்கலாம் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.