துருப்பிடித்த பழைய தையல் இயந்திரத்தை வினிகரில் ஊறவைக்கலாமா?

பல ஆண்டுகளாக மூடியே கிடந்த இரும்புத் தையல் இயந்திரம், மேலெல்லாம் பழுப்பு ஏறியிருக்கிறது, கைச்சக்கரம் அசையவே இல்லை, அப்படியே கழற்றி வினிகரில் ஊறப்போட்டால் சரியாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி. வேண்டாம். ஊறப்போட்டால் துரு போகும், கூடவே அந்தக் கறுப்பு மெருகும் பொன்னிறப் பூவேலையும் போய்விடும். சக்கரம் அப்போதும் சுற்றாமல் போக வாய்ப்பு அதிகம். ஏனென்றால் பழைய இயந்திரத்தை இறுக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் துரு அல்ல, காய்ந்துபோன எண்ணெய்.

பழைய தையல் இயந்திரங்களைப் பிரித்து ஓடவைப்பது எனக்கு ஓய்வுநேர வேலை. என் கைக்கு வருகிறவற்றில் சக்கரம் இறுகியவைதான் அதிகம். அவற்றில் துருவினாலேயே இறுகியவை கொஞ்சம்தான். யாரோ ஒருவர் என்றோ சமையல் எண்ணெயையோ கையில் கிடைத்த வேறு எண்ணெயையோ ஊற்றியிருப்பார். அது காய்ந்து, பிசினாகி, கடைசியில் வார்னிஷ் போலக் கெட்டியாகிவிடும். பார்வைக்குத் துரு மாதிரியே இருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசின் தேன் நிறத்தில் ஒட்டிக்கொண்டோ செதிலாகவோ வரும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்தால் கரைந்து பழுப்பாக இறங்கும். துரு கரையாது. செம்பழுப்புப் பொடியாக உதிரும், விரலுக்கு மணல் மணலாகத் தட்டுப்படும். இந்தச் சோதனையைச் செய்யாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள்.

இயந்திரத்தில் மோட்டார் இருந்தால் மின் இணைப்பைத் துண்டித்து மோட்டாரைத் தனியே கழற்றி வைத்துவிடுங்கள். இனி வரும் எதுவும் அதற்குள் போகக் கூடாது.

முதலில் சக்கரம். பாபின் இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். மேல்நூலைக் கொக்கியிட்டுப் பிடிக்கும் ஷட்டில் ஓடும் வளையப் பாதையில் ஒரு துண்டு நூல் சிக்கியிருந்தாலே போதும், முழு இயந்திரமும் கல்லாக நிற்கும். அது இல்லை என்றால், உடலில் இருக்கும் எண்ணெய்த் துளை ஒவ்வொன்றிலும், உலோகத்தோடு உலோகம் உரசும் ஒவ்வொரு மூட்டிலும் மண்ணெண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். வெளிப்புறம் வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். சாளரம் திறந்த இடத்தில், அடுப்பும் தீக்குச்சியும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். பிறகு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல ஆட்டுங்கள். ஒரு நூலிழை அளவு அசைந்தால்கூட வெற்றிதான். இன்னும் கொஞ்சம் சொட்டுவிட்டு மறுபடி காத்திருங்கள். இது சில நாள் இழுக்கும். பைப் குறடு போட்டுத் திருகினால் ஒரே நிமிடத்தில் முடியும், உள்ளே ஒரு தண்டு வளைந்த பிறகு.

மண்ணெண்ணெய் முழுவதும் உலர்ந்த பிறகும் அசையாத மூட்டு ஏதாவது இருந்தால், தலைமுடி உலர்த்தும் கருவியால் அந்த இடத்தைச் சூடாக்கி உடனே தையல் இயந்திர எண்ணெய் விடுங்கள். சூட்டில் பிசின் இளகும், எண்ணெய் உள்ளே இறங்கும். ஈரமாக மண்ணெண்ணெய் இருக்கும்போது இந்த வேலை கூடவே கூடாது, தீப்பிடிக்கும். இன்னொன்று, மண்ணெண்ணெய் கழுவும், வழுக்கலாக நிற்காது. அது உலர்ந்த இடத்தில் கட்டாயம் இயந்திர எண்ணெய் விட வேண்டும். டப்பாவில் வரும் டபிள்யூடி-40 தெளிப்பானும் அப்படித்தான். உலோகத்தின் மேல் ஈரம் தங்காமல் காப்பதற்கு என்று 1953-இல் உருவாக்கப்பட்டது அது. இறுகியதை இளக்கப் பயன்படும், எண்ணெய்க்கு மாற்றாகாது.

இனி உண்மையான துரு. இங்கே ஒரு பகுதிக்கு ஒரு வைத்தியம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

கறுப்பு உடல் வார்ப்பிரும்பு. அதன்மேல் ஜப்பான் மெருகு எனப்படும் கறுப்புப் பூச்சு, அதன்மேல் பூவேலை, பல இயந்திரங்களில் அதற்கும் மேலே அரக்கு மெருகு. அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட்டும் தின்னரும் பட்டால் மேல் மெருகு வெண்மையாகப் பூத்துவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் பட்டால் பூவேலையின் பொன்னிறம் கழன்று வெள்ளி நிறமாகிவிடும், திரும்ப வராது. ஆகவே உடலுக்கு இயந்திர எண்ணெயும் பழைய பருத்தித் துணியும் மட்டும். அதையும் முதலில் அடிப்பக்கம் எங்காவது தொட்டுப் பாருங்கள். பூச்சு உரிந்து துரு எட்டிப்பார்க்கும் புள்ளிகளை எண்ணெய் தொட்டு அந்தப் புள்ளியளவில் மட்டும் தேய்த்து, துடைத்து, மெழுகு பூசி விட்டுவிடுங்கள். புதிது போலாக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் மொத்தமாகச் சுரண்டிப் பெயின்ட் அடித்தவற்றைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பளபளப்பான பாகங்கள், அதாவது பக்கத் தகடு, சக்கரத்தின் விளிம்பு, பாபினை மூடும் நழுவுத் தகடு ஆகியவை பெரும்பாலும் நிக்கல் முலாம் பூசியவை. முலாமில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக ஈரம் இறங்கி அடியிலிருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் முலாம் மேலே எழும்பிச் செதிலாகிறது. அமிலத்தில் ஊறப்போட்டால் அந்த ஓட்டைகள் வழியாக அமிலமும் அடியில் புகுந்து மிச்ச முலாமையும் கிளப்பிவிடும். அலுமினியத் தாளைக் கசக்கி, எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தாலே மேல்துரு வந்துவிடும். அலுமினியம் மிருதுவானது என்பதால் கீறல் விழுவது குறைவு. உரிந்துபோன முலாம் உரிந்ததுதான்.

ஊசித்தண்டும் அழுத்துபாதத் தண்டும் அப்படி அல்ல. அவை முலாம் பூசாத வெறும் உருக்கு, மேலும் கீழும் ஓடுகிறவை. இவற்றுக்கு 0000 எண் ஸ்டீல் வூலில், அதாவது மிக மெல்லிய இரும்பு நார்ப்பஞ்சில், எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். ஆனால் தேய்ப்பதற்கு முன் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். துருப்பொடியும் எண்ணெயும் சேர்ந்தால் அது அரைக்கும் பசை. சக்கரத்தைச் சுற்றினால் தண்டு அந்தப் பசையைத் தன்னோடு உள்ளே இழுத்துப்போய், தண்டைப் பிடித்திருக்கும் தாங்கியின் உட்சுவரைத் தின்னும். அப்புறம் ஊசி ஆடும். ஆகவே தேய்ப்பது, துடைப்பது, வெள்ளைத் துணியில் கறை வராதவரை மறுபடி துடைப்பது, அதன் பிறகே சுற்றுவது. ஸ்டீல் வூலின் நார்த்துகள்களை ஒரு காந்தத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் நேரத்தில் பெரும்பங்கை நூல் போகும் வழிக்குத்தான் கொடுக்கச் சொல்வேன். அடித்தகட்டின் கீழே கையளவு துரு இருந்தாலும் தையலுக்கு ஒரு கேடும் இல்லை. ஊசித்தட்டின் துளை விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துருக்குழி இருந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனைத் திருகித் திருகி மனம் வெறுத்துப்போவீர்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: கொஞ்சம் பஞ்சை எடுத்து ஷட்டில் பாதை, பாபின் கேஸின் வெளிப்பக்கம், ஊசித்தட்டின் துளை, நூலைத் தூக்கும் கையின் கண் எல்லாவற்றின் மேலும் மெல்ல இழுங்கள். எங்கே ஓர் இழை மாட்டி நிற்கிறதோ அங்கே குழியோ பிசிரோ இருக்கிறது. தட்டையான இடமானால் ஸ்டீல் வூலும் எண்ணெயும். துளையானால், ஒரு தடித்த பருத்தி நூலில் உலோக மெருகுப் பசையைத் தடவி, துளைக்குள் விட்டு, எல்லாப் பக்கமும் பட இழுத்திழுத்துத் தேய்க்க வேண்டும். பசை காய்ந்ததும் மிச்சம் இல்லாமல் துடைக்க வேண்டும். நூலைக் கொக்கியிட்டுப் பிடிக்கும் ஷட்டில் முனையை மட்டும் எதனாலும் தேய்க்காதீர்கள். அதன் கூர்மை ஒரு மயிரிழை குறைந்தாலும் தையல் விட்டுவிட்டு விழும். முனையிலேயே துரு தின்றிருந்தால் ஷட்டிலை மாற்றுவதுதான் வழி.

டென்ஷன் தட்டுகளைக் கழற்றும்போது ஒவ்வொரு பாகமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு தட்டுகளும் நூலைத் தொடும் உட்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே இருக்கும் சுருள்வில்லையும் பாபின் கேஸின் தகட்டுவில்லையும் அமிலத்தில் போடக் கூடாது. கடினப்படுத்திய உருக்கு, அமிலத்தில் நொறுங்கும் தன்மை அடையும். பிறகு பட்டென்று முறிந்துவிடும்.

அப்படியானால் அமிலத்துக்கு இடமே இல்லையா? இருக்கிறது. முலாமோ பெயின்ட்டோ வில்தன்மையோ இல்லாத சிறு இரும்புப் பாகங்கள், திருகுகள், துரு ஆழமாக ஏறிய கொக்கிகள் இவற்றுக்குச் சரிதான். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம். வினிகரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், நாற்றமில்லை. போட்டுவிட்டு மறந்துபோகாமல் மணிக்கொரு தடவை எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். துரு போனதும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து, சூடாக்கி உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசுங்கள். இதில் தாமதித்தால் கண்முன்னே மஞ்சளாக மறுதுரு பூக்கும். வினிகரையோ வேறு அமிலத்தையோ பிளீச்சோடு சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

மிதித்தையல் இயந்திரமானால் அடியிலுள்ள இரும்புத் தாங்கிக்குக் கம்பித் தூரிகையே போதும். இதற்கு மின்பகுப்பு முறையைச் சிலர் சொல்வார்கள்: நான்கு லிட்டர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், நேர்முனையில் வேண்டாத இரும்புத் துண்டு, எதிர்முனையில் துருப்பிடித்த பாகம். நன்றாக வேலைசெய்யும். ஆனால் பெயின்ட்டும் கிளம்பும், ஹைட்ரஜன் வாயு வெளிவரும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் வைத்தால் நஞ்சான குரோமியம் நீரில் கலக்கும். அலுமினியப் பாகத்தைச் சோடா நீர் அரித்துவிடும்; காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். இயந்திரத்தின் தலைப்பகுதிக்கு இந்த முறையே வேண்டாம்.

கழலாத திருகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய இயந்திரங்களில் திருகுகளின் மரை அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருப்பதுண்டு. தலை தேய்ந்துவிட்டால் சாதாரணத் திருகு பொருந்தாது. திருப்புளியின் நுனி அந்தப் பள்ளத்தை முழுவதும் நிரப்ப வேண்டும். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சிறு அசைவு கொடுத்துவிட்டுப் பிறகு கழற்றும் பக்கம் திருப்பிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் சால்டரிங் இரும்பின் நுனியைத் திருகுத் தலையில் வைத்துச் சூடாக்குங்கள்.

சக்கரத்தின் நடுவிலுள்ள குமிழைக் கழற்ற, அதிலிருக்கும் குட்டித் திருகை முதலில் தளர்த்த வேண்டும். உள்ளே காதுகள் வைத்த ஒரு வாஷர் வரும். சுத்தம் செய்து திரும்ப மாட்டிய பிறகு, குமிழைத் தளர்த்தினாலும் ஊசி ஓடிக்கொண்டே இருந்தால், அல்லது இறுக்கினாலும் ஓடாவிட்டால், வாஷர் தவறான பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அரைச்சுற்று திருப்பி மாட்டுங்கள். இதற்காகவே இயந்திரத்தை மெக்கானிக்கிடம் சுமந்துபோகிறவர்கள் உண்டு.

எல்லாம் மாட்டியதும் நூல் இல்லாமல், எல்லாத் துளையிலும் எண்ணெய் விட்டு, கையாலேயே சிறிது நேரம் சுற்றுங்கள். முதலில் கறுப்பாக எண்ணெய் கசியும். துடைத்துவிட்டு மீண்டும் விடுங்கள். தெளிவாக வரத் தொடங்கிய பிறகு புது ஊசி மாட்டி, வேண்டாத துணியில் தைத்துப் பாருங்கள். பழைய ஊசி எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் தூக்கிப்போடுங்கள். பாபின் சுற்றும் சக்கரத்தின் ரப்பர் வளையத்தில் மட்டும் எண்ணெயோ மண்ணெண்ணெயோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பிவிடும்.

பிறகு மூடி வைப்பதற்குப் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள், அதற்குள் வியர்த்து மறுபடி துருப்பிடிக்கும். துணி உறை போதும். மரப்பெட்டியானால் உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்து, மாதத்துக்கு ஒருமுறையாவது சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள்.