ரூம் போயிருச்சு தம்பி

வணக்கம் அண்ணே. நான் வீட்டு வாடகை ஏஜென்ட். சிங்கப்பூர்ல ஜூரோங் பக்கம் ஒரு காமன் ரூம், ஓனர் நம்ம ஆளுதான், இங்கயே பொறந்த தமிழர், "இந்தியாலேர்ந்து வந்தவங்க வேணாம்"னுட்டாரு. டீம் லீடர் கிட்ட கேட்டா "ஓனர் சொன்னா சொன்னதுதான், மேல பாரு"ங்கிறாரு. அப்புறம் ஒரு பையன் போன் பண்ணி "அண்ணே, ரூம் இருக்கா"ன்னு தமிழ்லயே கேட்டான், "போயிருச்சு தம்பி"ன்னுட்டேன், விளம்பரம் இன்னும் அப்படியேதான் இருக்கு. மில்கிராம் சோதனைல ஷாக் குடுத்தவங்க மாதிரிதான் நானுமா?

- ஒரு வாசகர்

வணக்கம். மாதிரிதான், ஆனா அதுக்காக நீங்க கெட்டவர்னு ஆயிடாது. மில்கிராம் ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர். அடுத்த ரூம்ல இருக்குறவரு தப்பா பதில் சொன்னா ஷாக் குடுன்னு ஒருத்தர விட்டு உத்தரவு போடச் சொல்லி, ஆளுங்க எது வரைக்கும் கேக்குறாங்கன்னு பாத்தாரு. மில்கிராம்னாலே எல்லாரும் 1961ல அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துல நடந்தத, 40 பேர்ல 26 பேரு 450 வோல்ட் வரைக்கும் போனத மட்டும் சொல்லிட்டு மனுஷன் இவ்ளோதான்னு முடிச்சிடுறாங்க (ஷாக் நெசம் இல்ல, அடுத்த ரூம்ல சுவத்த தட்டுனவரு நடிச்சாரு). யாரும் எடுத்ததும் 450 போடச் சொல்லல, 15 வோல்ட்ல ஆரம்பிச்சு 15, 15ஆ ஏத்துனது, உங்க "போயிருச்சு தம்பி"யும் ஒரு 15தான், அடுத்தது இன்னும் லேசா வாயில வரும், அதான் எனக்கு பயம்.

மில்கிராம் அதையே மாத்தி மாத்தி செஞ்சும் பாத்தாரு. உத்தரவு போடுறவரு ரூம விட்டுப் போயி போன்ல சொன்னப்போ கடைசி வரைக்கும் போனவங்க அஞ்சுல ஒருத்தர்தான், சில பேரு "ஏத்திட்டேன் சார்"னு போன்ல பொய் சொல்லிட்டு கீழ் சுவிட்சையே அமுக்கிட்டு இருந்தாங்க, இந்த இடம் எனக்கு ரொம்பப் புடிக்கும். கூட உக்காந்த ரெண்டு பேரு (அவங்களும் செட்டப்தான்) "எங்களால முடியாது"ன்னு எந்திரிச்சப்போ 40ல 4 பேருதான் மிஞ்சுனாங்க.

ஓனர் கதை வேற. டாஜ்ஃபெல்னு இன்னொரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர், இங்கிலாந்துல பிரிஸ்டல்ல ஸ்கூல் பசங்கள, க்ளீங்கிற ஓவியரோட படம் புடிச்சவன், காண்டின்ஸ்கிங்கிற ஓவியரோட படம் புடிச்சவன்னு பிரிச்சாரு, பிரிச்சதுகூட சும்மா கண்ண மூடிட்டுதான். காசு பங்கு போடச் சொன்னா, தன் கோஷ்டிக்கு கொறஞ்சாலும் சரி அடுத்தவன விட கூட இருக்கணும்னு போட்டானுங்க. உங்க ஓனரோட தாத்தாவும் நாகப்பட்டணத்துல, அந்தக் காலத்துல நம்மாளுங்கள இங்க கூட்டிட்டு வந்த ரஜுலா கப்பல் ஏறினவரா இருப்பாரு, கேட்டா "அது வேற, இது வேற"ம்பாரு. எங்க வீட்டுலயே இந்தியாலேர்ந்து வந்தவங்கள "ஊர்க்காரங்க"ன்னு ஒரு மாதிரி இழுத்துச் சொல்ற ஆளு உண்டு, நானும் சொல்லிருக்கேன்.

உங்க டீம்ல இதே மாதிரி வயித்தக் கலக்கிட்டு வாய மூடி உக்காந்திருக்குறவரு இன்னும் ஒருத்தராவது இருப்பாரு. கீழ கோப்பிக்கடைக்கு கூட்டிட்டு போயி முதல்ல அவருகிட்ட பேசுங்க, லீடர்கிட்ட அப்புறம் ரெண்டு பேருமா போங்க.