வளவுக்குள் ரயில் ஓட்ட வைப்பை உடைக்கலாமா?

கேள்வி: நான் கோண்டாவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. வயது 61. ஓய்வூதியம் மாதம் 58,000 ரூபா. பணிக்கொடையும் சேமிப்புமாக 24 இலட்சம் ரூபாவை ஒரே வங்கியில் ஓராண்டு நிலையான வைப்பில் போட்டிருக்கிறேன். வட்டி 8 சதவீதம். மாதம் 14,400 ரூபா கணக்குக்கு வருகிறது. மார்ச்சில் முதிர்கிறது. கணவருக்கு ஓய்வூதியம் இல்லை. அவருடைய மருந்துச் செலவையும் சேர்த்து வீட்டுக்கு மாதம் 62,000 ரூபா முடிகிறது. வீடு சொந்தம், கடன் எதுவும் இல்லை. ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையில் வளர்ந்தவள் நான். பின்வளவில் 40 மீற்றர் பாதை போட்டு, யாழ்தேவி போல ஒரு மாதிரி ரயில் ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஜேர்மன் தயாரிப்பு எஞ்சினும் மூன்று பெட்டிகளும் 4 இலட்சத்து 20 ஆயிரம், பித்தளைத் தண்டவாளம் 3 இலட்சத்து 30 ஆயிரம், மின் கட்டுப்பாட்டுக் கருவியும் அனுப்புகூலியும் 1 இலட்சத்து 50 ஆயிரம் என, மொத்தம் 9 இலட்சம் ஆகிறது. கனடாவில் இருக்கும் மகள், 'இந்த வயதில் இது என்ன வீண் செலவு' என்கிறாள். தங்கையோ, காப்புகளை அடைவு வைத்தால் வைப்பில் கைவைக்கத் தேவையில்லை என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ரயிலுக்கு முன் உங்கள் வட்டியைப் பார்ப்போம், ரீச்சர். 24 இலட்சத்துக்கு 8 சதவீதம் என்றால் மாதம் 16,000 ரூபா. உங்கள் கணக்கில் விழுவதோ 14,400. மீதி 1,600 எங்கே போகிறது? பிள்ளைகளின் விடைத்தாளில் அரைப் புள்ளியைக்கூட விடாமல் திருத்தியிருப்பீர்கள். வங்கிக் கூற்றை மட்டும் ஏன் திருத்தாமல் விட்டீர்கள்?

அது வட்டியிலிருந்து வங்கி பிடித்துக்கொள்ளும் நிறுத்திவைக்கும் வரி. 2025 ஏப்ரல் 1 முதல் இது 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகியது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டவர்கள், தாங்கள் வரி எல்லைக்குள் வரவில்லை என்று வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் இந்தக் கழிவை நிறுத்தலாம். உங்கள் ஓய்வூதியத்தையும் வட்டியையும் கூட்டினாலும் ஆண்டுக்கு 8 இலட்சத்து 88 ஆயிரம்தான் வருகிறது. பாதியைக்கூடத் தொடவில்லை. அப்படியிருந்தும் ஆண்டுக்கு 19,200 ரூபாவை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே கழித்ததை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் திரும்பக் கோரவும் வழி உண்டு.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மார்ச்சில் வைப்பு முதிரும்போது அதிலிருந்து 3 இலட்சத்தை எடுத்துவிட்டு 21 இலட்சத்தை மீண்டும் வைப்பில் போடுங்கள். வட்டி வீதம் அதே 8 ஆக இருந்தால் மாதம் 14,000 ரூபா வரும். பிரகடனமும் கொடுத்திருந்தால் அது முழுதாக உங்கள் கைக்கு வரும். இன்று வருவது 14,400. ஆக, 3 இலட்சத்தை எடுத்த பிறகும் உங்கள் மாத வருமானத்தில் குறைவது 400 ரூபாதான். இதே கணக்கை 9 இலட்சத்துக்குப் போட்டுப் பாருங்கள். மிஞ்சும் 15 இலட்சத்துக்கு மாதம் 10,000 ரூபா வட்டி. வீட்டுச் செலவு போக இன்று உங்களிடம் 10,400 மிஞ்சுகிறது. அது 6,000 ஆகச் சுருங்கிவிடும். கணவரின் மருந்துச் சீட்டில் புதிதாக இரண்டு மாத்திரைகள் ஏறினால் அதுவும் இல்லை.

ஆகவே 3 இலட்சம் வரை போகலாம், 9 இலட்சம் கூடாது. மகள் சொல்லும் 'வீண் செலவு' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் பிறர் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தவர், கடன் இல்லாமல், சொந்தப் பணத்தில், தன் வளவுக்குள் ஒரு ரயில் ஓட்டினால் யாருக்கு என்ன நட்டம்? ஊரில் மாடிக்கு மேல் மாடி எழுப்பிப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தங்கையின் யோசனையைத்தான் முற்றாக மறந்துவிடச் சொல்கிறேன். அடைவுக்கு நீங்கள் கட்டும் வட்டி, வைப்புக்கு உங்களுக்குக் கிடைக்கும் வட்டியைவிட அதிகம். ஒரு கையில் 8 வாங்கி மறு கையில் அதைவிடக் கூடுதலாகக் கொடுப்பது சேமிப்பாகாது. காப்புகள் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

இனி உங்கள் 9 இலட்சத்துப் பட்டியலுக்கு வருகிறேன். அதில் எஞ்சின் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது. நிலத்துக்கு ஒரு ரூபாகூட இல்லை. பராமரிப்புக்கும் இல்லை. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துப் பட்டியல் போடும் எல்லோருமே இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தோட்டத்து ரயில் வாங்கும் நாளில் கேட்கும் பணத்தைவிட, பிறகு ஆண்டுதோறும் கேட்கும் பணம்தான் ஆளைக் களைக்கச் செய்யும். வாங்கிய உற்சாகத்தில் ஆறு மாதம் ஓடி, முதல் மாரியில் பாதை மண்ணுக்குள் இறங்கி, பிறகு கொட்டிலில் தூசி பிடிக்கும் ரயில் எத்தனை மலிவாக வாங்கினாலும் நட்டமே.

உங்கள் ஊர் செம்மண் பூமி. ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை மாரி மழை கொட்டும்போது அந்த மண் கரைந்து ஓடும்; வெறும் நிலத்தில் சல்லி பரப்பிப் போட்ட பாதை அதோடு சேர்ந்து போய்விடும். எனவே சீமெந்துக் கல்லால் ஒரு முழ உயரத்துக்குக் குறுஞ்சுவர் எழுப்பி அதன் மேல் பாதையைப் போடுங்கள். குனிந்து வேலை செய்வதும் குறையும். 61 வயது முழங்காலுக்கும் அது ஒரு சேமிப்பு. மேசனைக் கூப்பிடுவதற்கு அவசரம் இல்லை. இந்த மாரி முடியும் மட்டும் பின்வளவில் தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கமாக வடிகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். செலவில்லாத நில அளவை அது. தென்னைக்குக் கீழே பாதை போகவே கூடாது. தேங்காய் விழுந்து நசுங்கிய எஞ்சினுக்கு நட்டஈடு தரும் காப்புறுதிக் கம்பனி எதையும் நான் அறியேன். மாமரத்துக்கும் வேம்புக்கும் கீழே போட்டால் சருகு கூட்டுவதற்கே ஒரு ஆள் வேண்டும்.

40 மீற்றர் என்பதையும் குறையுங்கள். இந்த வகை ரயில்களுக்குத் தண்டவாள இடைவெளி 45 மில்லிமீற்றர். மிகச் சிறிய வளைவுகள் 60 சென்ரிமீற்றர் ஆரையில் கிடைக்கின்றன. ஆனால் நீளமான பெட்டிகள் அதில் அசிங்கமாகத் திரும்பும், சில்லுகளும் தேயும். ஆரை 1.2 மீற்றர் என்று வையுங்கள். இரு முனையிலும் அரைவட்டம், நடுவில் 5 மீற்றர் நேர்ப்பாதை இரண்டு. சுற்றளவு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினேழரை மீற்றருக்குச் சற்று மேல். அதற்கு 2.4 மீற்றர் அகலமும் 7.4 மீற்றர் நீளமும் உள்ள துண்டு நிலம் போதும். ஓரத்துக்குச் சிறிது விட்டுக்கொள்ளுங்கள். மனம் நிறையாவிட்டால் இன்னொரு மார்ச்சில் நீட்டிக்கொள்ளலாம். கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கும் பாதை ஒரே நாளில் வந்துவிடவில்லை.

பித்தளைத் தண்டவாளம் வேண்டுமா? தண்டவாளத்தின் வழியாக எஞ்சினுக்கு மின்சாரம் கொடுப்பதானால் பித்தளைதான் வழக்கம். ஆனால் திறந்தவெளியில் பித்தளையின் மேல் படலம் படியும். ஓட்டும் நாளெல்லாம் முதலில் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும். இதற்கு மாற்று, எஞ்சினுக்குள்ளேயோ அடுத்த பெட்டிக்குள்ளேயோ பற்றரி வைத்து ரேடியோ மூலம் கட்டுப்படுத்துவது. அப்போது தண்டவாளத்தில் மின்சாரம் தேவையில்லை. விலை குறைந்த அலுமினியத் தண்டவாளமே போதும். வளவெல்லாம் வயர் இழுக்கும் வேலையும் இல்லை, மின்வெட்டு நாளிலும் ரயில் ஓடும். பற்றரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அதற்கு இப்போதே பணம் ஒதுக்கலாம், தினம் குனிந்து துடைப்பதற்கு எதை ஒதுக்குவது? உலோகம் எதுவானாலும் நம் வெயிலில் நீளும். மூட்டுகளில் சிறு இடைவெளி விடாவிட்டால் மத்தியானத்தில் பாதை நெளியும்.

என் 3 இலட்சத்தை இப்படிப் பிரிப்பேன்: சுவருக்கும் மேசனுக்கும் 1 இலட்சம், தண்டவாளத்துக்கு 1 இலட்சம், எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 70 ஆயிரம், பற்றரிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் 30 ஆயிரம். இவை கடை விலைகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் தாண்டக் கூடாத மேல்வரம்புகள். எஞ்சினுக்கு 70 ஆயிரம் என்றால் புதியது கிடைப்பது கடினம், பழையதுதான் வாங்க வேண்டும். இந்தப் பொருள்களுக்குப் பழைய சாமான் சந்தை ஜேர்மனியிலும் இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் நன்றாக இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இல்லை. ஆகவே 'பிறகு விற்கலாம், இதுவும் ஒரு முதலீடு' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். போட்ட பணம் போனதுதான். சந்தோசத்துக்காகப் போனது என்று எழுதி வைத்தால் கணக்கு நேராகும்.

ஜேர்மன் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதும் அவசியமில்லை. எல்ஜிபி என்ற பெயரில் 1968இல் தோட்ட ரயிலைப் பிரபலமாக்கிய நூரம்பேர்க் நிறுவனம் 2006இல் முறிந்தது. மறு ஆண்டு அதை வாங்கிய மார்க்லின் என்ற மாதிரி ரயில் நிறுவனமும் 2009இல் வங்குரோத்து மனுக் கொடுத்தது. பெயர் பிழைத்திருக்கிறது, தயாரிப்பும் தொடர்கிறது. ஆனால் நாம் பணம் கட்ட வேண்டியது 45 மில்லிமீற்றர் என்ற பொது அளவுக்கு. அந்த அளவில் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஒன்று போனாலும் மற்றதன் சில்லு உங்கள் பாதையில் ஓடும்.

யாழ்தேவியைப் பெட்டியோடு கடையில் வாங்க முடியாது. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க ரயில்கள். நம் அகலப் பாதை 1,676 மில்லிமீற்றர். அதை 45ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 37. அந்த விகிதத்தில் மேலுடலை இங்கேயே ஒரு தச்சரைக் கொண்டு செய்வித்து, பழைய எஞ்சினின் அடிப்பாகத்தின் மேல் பொருத்துங்கள். இறக்குமதி செய்வதைவிட மலிவு, பணமும் ஊருக்குள் நிற்கும். மகளின் மனதை மாற்றவும் ஒரு வழி சொல்கிறேன். யாழ்தேவியை இழுத்த எம்2 வகை டீசல் எஞ்சின்களில் முதலில் வந்தவை 1950களில் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்தவை. அல்பேர்ட்டா, ஒன்ராறியோ என்று மாகாணப் பெயர்களைத் தாங்கி ஓடியவை. உங்கள் எஞ்சினுக்கும் ஒன்ராறியோ என்று பெயர் எழுதிவிட்டால் பேரப்பிள்ளைகள் யார் பக்கம் நிற்பார்கள் என்று பார்ப்போம்.

பராமரிப்புக்குத் தனியே ஒரு சேமிப்புக் கணக்குத் திறந்து மாதம் 2,000 ரூபா போடுங்கள். ஆண்டுக்கு 24,000. சல்லி நிரப்ப, சுவரில் வெடிப்புப் பூச, பற்றரி மாற்ற, பற்சில்லு வாங்க அதற்குள் முடிய வேண்டும். முடியாத ஆண்டில் ரயில் காத்திருக்கும். வைப்பு அசையக் கூடாது. உதிரிப்பாகங்கள் வெளிநாட்டுப் பணத்தில் வருபவை என்பதையும் நினைவில் வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் வந்தன. தேயும் பாகங்களில் ஒரு சோடியைத் தொடக்கத்திலேயே வாங்கி வைப்பது நல்லது.

மகள் விடுமுறைக்கு வருவதானால் எஞ்சினைப் பொதியில் கொண்டுவரச் சொல்லுங்கள். தபாலில் வந்தால் சுங்கத் தீர்வைகளும், அவற்றின் மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் ஏறும். பயணியாக வருபவருக்கும் வரம்பு உண்டு. வாங்கிய பற்றுச்சீட்டை அவள் கையில் வைத்திருக்க வேண்டும், பயணத்துக்கு முன் சுங்கத்தின் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்டவாளம் பாரமானது, அதைத்தான் கப்பலில் அனுப்ப வேண்டிவரும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 24 இலட்சமும் ஒரே வங்கியில் இருக்கிறது. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். மார்ச்சில் 21 இலட்சத்தையும் இரண்டு வங்கிகளில் பத்தரை பத்தரையாகப் பிரித்து, ஒன்றை ஆறு மாதத்துக்கும் மற்றதை ஓராண்டுக்கும் போட்டால் அந்த எல்லைக்குள் நிற்கும். அவசரத்துக்கு இடையில் உடைக்க வேண்டிய தேவையும் குறையும். மூத்த பிரசைகளுக்கான கூடுதல் வட்டித் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்றும் இரண்டு இடத்திலும் கேளுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது. சுயபிரகடனத்தை இரண்டு வங்கிகளிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டையையும் வரி இலக்கத்தையும் கொண்டு செல்லுங்கள், முத்திரையிட்ட பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள். மேசனுக்கு முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.