கூட்டினால் பூஜ்யம், அப்புறம்?

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஆன்டிஃபெரோ காந்தம், அதாவது உள்ளே அணுக்களின் குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும் பொருள்; அதன் மென்படலங்களில் மின்னோட்டம் ஸ்பின்னை, அதாவது அந்தக் குட்டிக் காந்தங்களின் திசையை, பொறுத்து மாறும் என்று நீங்கள் எழுதியதை வகுப்பில் சொன்னேன். கரும்பலகையில் வழக்கம்போல மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. ஒரு மாணவி எழுந்து, "கூட்டினா ஜீரோதானே மிஸ், அப்புறம் கரண்டுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். மணி அடித்ததால் தப்பித்தேன். நாளைக்கும் வகுப்பு இருக்கிறது.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மாணவி கெட்டிக்காரி. நீங்கள் வரைந்த அந்தப் படத்தில் எது மேல், எது கீழ் என்று கரண்டுக்குத் தெரியாதுதான்.

எல்லா அம்புகளையும் அவளையே தலைகீழாக்கச் சொல்லுங்கள். பிறகு முழுப் படத்தையும் ஓர் அணு தள்ளி வைக்கட்டும். பழைய படமே வந்துவிடும். கரண்டுக்குக் குறுக்கே தோன்றும் ஹால் மின்னழுத்தமோ, அம்புகள் திரும்பினால் குறி மாறியாக வேண்டும். படம் மாறவில்லை, குறி மட்டும் மாற வேண்டும் என்றால் அந்த அழுத்தம் பூஜ்யமாகத்தான் இருக்க முடியும்.

ஆனால் எல்லா ஆன்டிஃபெரோ காந்தமும் இப்படி இல்லை. மூன்று மாங்கனீசுக்கு ஒரு வெள்ளீயம் சேர்ந்த உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாங்கனீஸ் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக, ஜப்பானிய மூங்கில் கூடைப் பின்னல் மாதிரி அமர்ந்திருக்கும். மூன்று அம்புகளும் ஒன்றுக்கொன்று 120 பாகை. கூட்டினால் இங்கேயும் ஏறக்குறைய பூஜ்யம்தான். மிஞ்சும் காந்தம் இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் மூன்றையும் தலைகீழாக்கிவிட்டு எவ்வளவு தள்ளி வைத்தாலும் பழைய படம் திரும்பாது. வரவும் செலவும் சமமாக முடிந்த இரண்டு கடைக் கணக்குகள் ஒரே கணக்கு ஆகிவிடுமா? 2015இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நகாட்சுஜி குழு இதில் பெரிய ஹால் அழுத்தத்தை அளந்து காட்டியது, அதுவும் அறை வெப்பநிலையில். 2020இல் இதே பொருளின் மென்படலத்தைப் பிளாட்டினத்தோடும் டங்ஸ்டனோடும் ஒட்டி, கரண்டைப் பாய்ச்சியே அந்தக் குறியைப் புரட்டினார்கள். பிளாட்டினத்தில் ஒரு பக்கம் புரண்டது டங்ஸ்டனில் எதிர்ப்பக்கம் புரண்டது. எனக்கு நம்பிக்கை தந்தது இந்த விவரம்தான். வெறும் சூடு இப்படி ஆள் பார்த்துத் திசை மாறாது.

சூட்டைச் சும்மா இழுக்கவில்லை. நிக்கல் ஆக்சைடு மேல் பிளாட்டினம் பூசி, கரண்ட் துடிப்பு கொடுத்தால் மின்தடை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது, அம்புகள் திரும்புகின்றன என்று பலர் எழுதினார்கள். 2019இல் ஒரு குழு ஆன்டிஃபெரோ காந்தத்தையே எடுத்துவிட்டுப் பிளாட்டினத்தை மட்டும் வைத்து அளந்தது. அதே ரம்பப் பல்! என் ஆய்வு நாட்களில் கம்பியை ஒட்டவைத்த சில்வர் பேஸ்ட் சூடாகித் தந்த ஒரு 'கண்டுபிடிப்போடு' இரண்டு வாரம் துள்ளிக்கொண்டு திரிந்தவன் நான். அதனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன்.

ஆன்டிஃபெரோ காந்தத்தை விளக்கியதற்காக 1970இல் நோபல் வாங்கிய லூயி நீல், அந்த உரையிலேயே இவற்றால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்றார். ஆனால் 2023இல், இரண்டு ஆன்டிஃபெரோ படலங்களுக்கு நடுவே மெக்னீசியம் ஆக்சைடு வைத்த சந்திகளில், அம்புகளின் திசை மாறும்போது மின்தடை மாறுவதை அறை வெப்பநிலையிலேயே அளந்துவிட்டார்கள். மாங்கனீஸ்-வெள்ளீயத்தில் சுமார் 2 சதவீதம், மாங்கனீஸ்-பிளாட்டினத்தில் ஏறத்தாழ 100.

நாளைக்கு மூன்று அம்பு வரையுங்கள். சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, புரட்டித் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.