பிறந்த பிள்ளைக்குக் கண்ணில் நோய் வராமல் எப்படித் தடுப்பது?

வயிற்றில் எட்டு மாதம் ஆகிறது, பிறந்ததும் கண்ணில் தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டால் பிள்ளைக்குக் கண் நோயே வராது என்று வீட்டில் சொல்கிறார்கள், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது தங்கச்சி. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நாங்கள் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். மூத்தவன் பிறந்த எட்டாம் நாள் காலையில் ரெண்டு கண்ணும் ஒட்டிக் கிடந்தது. இமை வீங்கி, துடைக்கத் துடைக்க மஞ்சளாகப் பூளை வந்தது. அவனுடைய அப்பாயி பால் பீய்ச்சி விடச் சொன்னார். ஐந்து பிள்ளை வளர்த்தவர், எனக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. ரெண்டு நாள் விட்டோம். மூன்றாம் நாள் வந்த மிட்வைஃப் மிஸ்ஸி இமையைப் பிரித்துப் பார்த்தார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

அங்கே பூளையைப் பஞ்சுக் குச்சியில் எடுத்துச் சோதித்தார்கள். கிளமிடியா என்றார்கள். உடலுறவில் தொற்றி, பிரசவ நேரத்தில் தாயின் பிறப்பு வழியிலிருந்து பிள்ளையின் கண்ணுக்குப் போகும் கிருமி அது. பெண்களில் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, எனக்கும் இருக்கவில்லை. கண்ணுக்கு மட்டும் மருந்து விட்டால் போதாதாம், நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவும் ஆகலாமாம். அதனால் 14 நாள் எரித்ரோமைசின் பாணி மருந்து கொடுத்தோம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்தே மருந்து தந்தார்கள். அன்று வெட்கத்தில் நான் தலையே நிமிரவில்லை. ஆனால் டாக்டர் ஒரு சொல்கூடத் தப்பாகப் பேசவில்லை. பிள்ளையின் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, இப்போது ஸ்கூல் போகிறான்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் சிபிலிஸும் எச்ஐவியும் தெரியும். தாயிடமிருந்து பிள்ளைக்கு அந்த ரெண்டும் போவதை இலங்கை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனமே சான்று கொடுத்தது. ஆனால் கிளமிடியாவும், அதே மாதிரி உடலுறவில் தொற்றிப் பிள்ளையின் கண்ணுக்குப் போகும் கொனோரியாவும் அந்த இரத்தத்தில் தெரியாது. வெள்ளைப்படுவது நிறம் மாறினால், நாற்றம் வந்தால், சிறுநீர் எரிந்தால் மிஸ்ஸியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள். அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்குகளில் காசில்லாமல் பார்ப்பார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து மருந்து எடுக்காவிட்டால் அது திரும்ப வரும்.

பிறந்தவுடன் கண்ணில் மருந்து போடும் வழக்கமும் உண்டு. 1880இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரேடே என்ற மகப்பேற்று டாக்டர் வெள்ளி நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். அதுவரை அங்கே நூற்றில் பத்துப் பிள்ளைகளுக்கு வந்த கண் நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. இப்போது டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் போன்ற களிம்புகளை உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரிந்துரைக்கிறது. பிரசவ அறையில் இதைக் கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. கொனோரியாவுக்கு அது நல்ல காவல், கிளமிடியாவை அவ்வளவாகத் தடுக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு கைதான் முக்கியம். கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவர்கள் ஆசையாகத் தூக்கத்தான் செய்வார்கள், சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகு கொடுங்கள். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். அடுத்த துடைப்புக்கு வேறு பஞ்சு, மற்றக் கண்ணுக்கும் வேறு. அடுப்புப் புகை படாத காம்பராவில் படுக்க வையுங்கள். கண்ணுக்குள் மை வேண்டாம், சிலதில் ஈயம் இருக்கிறது. தாய்ப்பாலைக் குடிக்கக் கொடுங்கள், கண்ணில் விட்டுப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

சில பிள்ளைக்குக் கண் சிவக்காமல் தண்ணீர் மட்டும் வடியும். பெரும்பாலும் அது கண்ணீர் போகும் குழாய் அடைப்பு. கண் மூலையில் தடவிக் கொடுக்க மிஸ்ஸி காட்டித் தருவார், அநேகமாக ஒரு வயதுக்குள் சரியாகிவிடும்.

ஆனால் முதல் ஐந்து நாளுக்குள் இமை வீங்கிச் சீழாகக் கொட்டினால் விடியட்டும் என்று பார்க்காதீர்கள். கொனோரியாவாக இருந்தால் ஒரே நாளில் கருவிழியை ஓட்டையாக்கிவிடும். நடுராத்திரி ஆனாலும் ஆட்டோவோ தோட்டத்து லொறியோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.