மினக்கெட்டாரா, மெனக்கெட்டாரா?

கேள்வி: என் தம்பி திருச்சியில் பெண் எடுத்திருக்கிறான். கலியாணம் முடிந்து அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிறு, அம்மா காயவைத்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினா. குடித்துவிட்டு அவள், "எங்களுக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க அத்தை!" என்றாள். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. "நான் மினக்கெட்டனானாம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறா. நேரத்தை வீணாக்குவதற்குத்தானே நாங்கள் அப்படிச் சொல்வோம்? இரண்டு பேருக்கும் நான் என்ன சொல்வது?
வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: மருமகள் சொன்னது மனம் நிறைந்த நன்றி. திருச்சியில் அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அம்மாவின் காதிலும் பிழையில்லை. யாழ்ப்பாணத்து வழக்கில் வளர்ந்த யாருக்கும் அந்த வசனம் அப்படித்தான் கேட்டிருக்கும்.

இரண்டும் ஒரே சொல்தான். வினைக்கெடு என்பதன் திரிபு அது. விழுங்கு முழுங்கு ஆனதுபோல, விழி முழி ஆனதுபோல, இங்கேயும் வகரம் மகரமாகிவிட்டது. வினை என்றால் வேலை. கையில் இருக்கும் வேலை கெட்டுப்போக இன்னொன்றில் நேரத்தைக் கொடுப்பதுதான் வினைக்கெடுவது. நாங்கள் கெட்டுப்போன வேலையைப் பார்த்தோம், அதனால் எங்களுக்கு அது நேர விரயம், தாமதம். தமிழ்நாட்டில் யாருக்காக அந்த வேலையை விட்டார் என்று பார்த்தார்கள், அங்கே அது அக்கறை, பிரயாசை.

அதனால்தான் பெயர்ச்சொல்லிலும் இவ்வளவு தூரம். அங்கே ஒருவருடைய "மெனக்கெடல்" பாராட்டுக்குரியது. இங்கே "மினக்கேடு" என்றால் அலுப்பு. "ஒபிசிலை மினக்கெட்டுப்போனான்" என்று அம்மா உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னால், மருமகள் அவன் பாடுபட்டு உழைத்தான் என்று நினைத்துப் பெருமைப்படக்கூடும். கொழும்பின் காலி வீதி நெரிசலில் பஸ் நின்றதைச் சொல்லும்போதும் இதே கதைதான். இதை அந்தப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஆனால் எங்கள் பேச்சிலும் அந்த மற்றப் பொருள் செத்துப்போகவில்லை. "உங்களைப் பாக்கவெண்டு மினக்கெட்டு வந்தனான்" என்று ஒருவர் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. வேலையை ஒதுக்கிவைத்து வந்தார் என்றுதான் விளங்கும். வித்தியாசம் எங்கே இருக்கிறதென்றால், "மினக்கெட்டு" என்று எச்சமாக நின்று பின்னால் இன்னொரு செயலைச் சொல்லும் வினை வந்தால் அது பிரயாசை. "மினக்கெட்டார்" என்று வசனம் அதோடு முடிந்தால் எங்கள் காதுக்கு அது வீண். மருமகள் சொன்னது அப்படி முடிந்த வசனம்.

கூழையே எடுத்துப் பாருங்கள். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கயர்ப்பு நீரை வடித்து ஊற்ற வேண்டும். நண்டை உடைத்து, இறால் கோது நீக்கி, பலாக்கொட்டையும் பயற்றங்காயும் வெட்டி, செத்தல் மிளகாய் அரைத்து, புளி கரைத்து முடிய ஒரு காலைப்பொழுது போய்விடும். அம்மாவே இதை "மினக்கேடு பிடிச்ச வேலை" என்றுதான் சொல்வார். நேரம் தின்னுகிற வேலை என்று பொருள், வீண் வேலை என்றல்ல. தன் வாயால் அந்தச் சொல்லை இந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார் என்பதை அவருக்கு நினைவுபடுத்துங்கள். எந்த அகராதியைவிடவும் அது அவரைச் சமாதானப்படுத்தும்.

வீணாக்குவதற்கு அந்தச் சொல்லா என்று கேட்டிருந்தீர்கள். நேரத்துக்கும் ஆளுக்கும் மட்டும்தான். "என்னை மினக்கெடுத்தாதேங்கோ" சரி, "நேரத்தை மினக்கெடுத்தாதே" சரி. சோற்றை யாரும் மினக்கெடுத்துவதில்லை, வீணாக்குவார்கள், எழுத்தில் வீணடிப்பார்கள். காசைக் கரியாக்குவார்கள். அப்புறம் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அறிவித்தல் பலகைகளில் வரும் "வீண்விரயம்". அதைக் கூறியது கூறல் என்று திருத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விரயம் என்பது அடிப்படையில் செலவு. கலியாணச் செலவைச் சோதிடர்கள் சுப விரயம் என்பதில்லையா? ஆகவே வீண் என்ற அடைக்கு அங்கே வேலை இருக்கிறது.

மருமகள் தன் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வந்த வீட்டில் வாயைத் திறக்கவே யோசிக்கிற நிலைமை அந்தப் பிள்ளைக்கு வரக் கூடாது. பின்னால் ஒரு வினையைச் சேர்த்தால் போதும். "எங்களுக்காக மெனக்கெட்டுச் சமைச்சிருக்கீங்க" என்று சொல்லச் சொல்லுங்கள். திருச்சியிலும் அது சரி, வெள்ளவத்தையிலும் சரி. அத்தையா மாமியா என்பதை அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.